பீப்பாயில் கிடந்த மூன்று வெட்ஜ்கள்

குழி ஐம்பது தப்படிக்குள் வந்துவிட்டால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். தூரத்தில் இருக்கும்வரை கவலையில்லை. பெரிய மட்டையால் ஓங்கி அடித்தால் பந்து ஏதோ ஒரு பக்கமாகப் போய்ச் சேரும். கிட்டத்தில் வந்த பிறகுதான் என் அவஸ்தை தொடங்கும். ஒரு வருடக் கோல்ஃப் போட்டியில் ஒன்பது குழிகளுக்கும் சேர்த்து ஐம்பத்தெட்டு அடி அடித்தேன். கிட்டத்தில் வந்து சேர இருபது, கிட்டத்திலிருந்து குழியில் தள்ள முப்பத்தெட்டு. எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு காபி டிப்போவில் நான் தரம் பார்ப்பவனாக இருந்தேன். விவசாயிகள் மூட்டை கொண்டுவருவார்கள். மாதிரி எடுத்து நூறு கொட்டைகளை எண்ணிப் பரப்பி, கறுத்தது எத்தனை, உடைந்தது எத்தனை, பூச்சி துளைத்தது எத்தனை என்று குறிப்பது என் வேலை. கோல்ஃபுக்கு வந்தது தற்செயல். வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போன ஒன்பது குழி மைதானம் ஒன்று மலைச்சரிவில் இருந்தது. ஆள் குறைந்துபோனதால் கிளப்பில் என்னைப் போன்ற உத்தியோகஸ்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாங்கள் நான்கு பேர் ஆடுவோம். ஒரு டாக்டர், ஒரு எஸ்டேட் மேனேஜர், ஒரு மர வியாபாரி, நான். மற்றவர்களுக்கெல்லாம் மதியம்தான் முறை. மதியம் என்றால் பனிமூட்டம். அடித்த பந்தைத் தேடியே பொழுது போய்விடும். ஆகவே அந்தக் காலை நால்வரில் ஓர் இடம் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒன்பது பேர் அதற்குக் காத்திருந்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், எங்களுக்குள் ஜோடிப் போட்டி நடக்கும். டாக்டரும் நானும் ஒரு ஜோடி, மற்ற இருவரும் ஒரு ஜோடி. இருவர் அடிகளையும் கூட்டி, குறைவாக அடித்த ஜோடிக்கு வெற்றி. மூன்று வருடம் தொடர்ந்து தோற்றோம். மூன்றாவது தோல்வியன்று டாக்டர் ஷூவைக் கழற்றியபடியே சொன்னார்.

"ஏனுங்க டிப்போ சார், தூரத்துல இருந்து நல்லாத்தான் வர்றீங்க. கிட்ட வந்ததும் ஊரைச் சுத்தப் போயிடறீங்க. அடுத்த வருசமும் தோத்தோம்னா நான் ரேஞ்சரைச் சேத்துக்கறேனுங்க. கோவிச்சுக்கப்படாது."

ரேஞ்சர் வனத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், காத்திருந்த ஒன்பது பேரில் ஒருவர், கிட்டத்து ஆட்டத்தில் கெட்டிக்காரர். இதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கோவித்துக்கொள்ளவில்லை என்று நானும் சிரித்துவைத்தேன். அன்றிரவு தூக்கம் போயிற்று.

என்னிடம் வெட்ஜ் கிடையாது. குழிக்கு அருகே பந்தை உயரத் தூக்கிப் போடும் அந்தக் குட்டை மட்டைக்குப் பதிலாக ஒன்பதாம் எண் இரும்பு மட்டையை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். கிளப் கொட்டகையில் ஒரு பீப்பாய் உண்டு. ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற மட்டைகள் அதில் நிற்கும். அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒன்றை எடுத்தால் நம்முடையதில் ஒன்றை வைக்கவேண்டும். வைத்ததை ஒரு வருடம் திரும்பக் கேட்கக்கூடாது. எடுத்ததையும் திருப்பித் தரக்கூடாது. இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தினமும் மாற்றுவார்கள் என்று யாரோ துரை போட்ட விதி.

பீப்பாயில் மூன்று வெட்ஜ்கள் இருந்தன. ஒன்றின் அடிப்பாகம் தோசைத் திருப்பி போல மெல்லியது. ஒன்றின் அடி தடித்து உருண்டிருந்தது. மணலில் புதையாமல் வழுக்கிப் போவதற்காகச் செய்தது. மூன்றாவதற்கும் அடி தடித்ததுதான், ஆனால் யாரோ அரம் போட்டு அதைப் பாதிக்குமேல் ராவியிருந்தார்கள். துருவேறி, பார்க்கவே பிடிக்காத சாமான்.

"அடிச்சுப் பாக்கறதுக்கு விதி ஒண்ணும் இல்லீங்க, தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கொட்டகைக்காரர்.

டிப்போவுக்குப் பின்னால் காபி நாற்றங்கால் இருந்தது. அதன் ஓரத்தில் முப்பது தப்படி தள்ளி ஒரு வாளியை வைத்தேன். கைவசம் பன்னிரண்டு பந்துகள். எட்டுச் சுற்றும் நான்கு பந்தும் அடித்தால் நூறு. வாளிக்கு இரண்டு தப்படிக்குள் நின்றவை மட்டுமே நல்லவை. மூன்று மாலை இதே வேலை. மெல்லியது நாற்பத்தொன்று, ராவியது ஐம்பத்திரண்டு, தடித்தது அறுபத்து மூன்று. இரண்டாம் மாலையே மனைவி வந்து நின்றாள்.

"தண்ணி புடிக்கோணும், வாளியக் குடுக்கறீங்களா? இல்ல அதுக்கும் நூறு எண்ணோணுமா?"

தடித்ததை எடுத்தேன். பதிலுக்கு என் ஒன்பதாம் எண் இரும்பைப் பீப்பாயில் வைத்தேன். இத்தனை முறையாகத் தேர்ந்தெடுத்தவர் அந்தக் கிளப்பில் எவரும் இருக்கமாட்டார் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு அதை மைதானத்துக்குக் கொண்டுபோனேன். மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் குழியருகே அடித்தேன். மட்டை தரையில் பட்டு எகிறிப் பந்தின் நடுவில் மோத, அது குழியைத் தாண்டி, வேலியைத் தாண்டிக் காபிச் செடிக்குள் போய்விட்டது. இரண்டாவது குழியிலும் அதே கதை. மூன்றாவதில் பந்து ஒரு சவுக்கு மரத்தில் பட்டுத் திரும்பி என்னை நோக்கியே வந்தது.

என் மட்டைப் பையைத் தூக்கிவந்தவர் வெள்ளக்கடைப் பக்கத்து விவசாயி. நாற்பது வயதிருக்கும். சாமையும் கொஞ்சம் காபியும் போடுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வருவார். வருடா வருடம் அவர் கொண்டுவரும் மூட்டைகளில் ஒன்றையாவது நான் தரம் குறைத்து எழுதியிருக்கிறேன்.

"இத எங்க வச்சுங்க அடிச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

"நாற்றங்கால்ல. நூறு பந்து."

"நாத்தங்கால்லயா? சலிச்ச மண்ணு, தெனம் ரெண்டு வேள தண்ணி. அது மெத்தைங்க சாமி! இது பாற." காலால் தரையைத் தட்டிக் காட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஏனுங்க, எங்க மூட்டைல மட்டும் மேல, நடுவுல, அடியிலன்னு மூணு எடத்துல ஊசிய உட்டுக் குத்தி எடுக்கறீங்க. மேல மட்டும் பாருங்கன்னு நான் கெஞ்சுனா ஒத்துக்குவீங்களா? உங்க மட்டைக்கு மட்டும் ஒரே எடந்தானுங்களா?"

எனக்குக் காது சுட்டது. பதினாறு வருடமாகச் செய்யும் வேலை! ஒரே இடத்தில் மாதிரி எடுத்து ஒரு மூட்டையைத் தரம் பிரித்திருந்தால் என் அதிகாரி என்னை அடிவாரத்துக்கு நடந்தே அனுப்பியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை பை தூக்குபவரும் நானும் மூன்றையும் மைதானத்துக்கே கொண்டுபோனோம். இறுகிய தரை, வெட்டிய புல், சரிவு, சவுக்குச் சருகு, மணல் என்று ஐந்து இடம். ஒவ்வொரு மட்டைக்கும் இடத்துக்குப் பத்து அடி. இம்முறை நல்லதை எண்ணவில்லை. கொட்டைகளில் செய்வதுபோலக் கெட்டதைத்தான் எண்ணினேன். அவர் விரலை மடக்கித் தனியாக எண்ணினார். என்னை நம்பவில்லை போலும். தடித்தது மணலில் ஒரே ஒரு தப்பு, இறுகிய தரையில் ஒன்பது. மொத்தம் இருபத்து மூன்று. மெல்லியது நேர் எதிர். மொத்தம் இருபத்து நான்கு. அந்தத் துருப்பிடித்த ராவிய மட்டை எங்கும் பிரமாதமாக இல்லை, எங்கும் மோசமாகவும் இல்லை. மொத்தம் பதினெட்டு.

அதுதான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் விதி குறுக்கே நின்றது. தடித்ததைத் திருப்பித் தரமுடியாது. வேறு ஒன்றைத்தான் வைக்கவேண்டும். என் பையில் இருந்ததே ஆறு மட்டைகள். ஒவ்வொன்றையும் மூன்று முறை வெளியே எடுத்து உள்ளே வைத்தேன். கடைசியில், தூரம் அடிக்கும் என் பெரிய மட்டையைப் பீப்பாயில் நிறுத்திவிட்டு வந்தேன்.

போட்டியன்று முதல் குழிக்கு நான் நடுத்தர இரும்பை எடுத்ததும் டாக்டர் என் பையை எட்டிப் பார்த்தார்.

"பெரிய மட்டை எங்கீங்க?"

"பீப்பாய்ல."

"பீப்பாய்லயா! ஏற்கெனவே கிட்டத்துல ஆட்டம் இல்ல. இப்ப தூரத்துலயும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" மர வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். ரேஞ்சர் வேறு வேடிக்கை பார்க்க வந்திருந்தார், புது ஷூ போட்டுக்கொண்டு.

கிட்டத்தில் வந்து சேர இம்முறை மூன்று அடி கூடுதலாகத்தான் ஆயிற்று. ஆனால் வந்த பிறகு ஊர் சுற்றவில்லை. எட்டுக் குழி முடிந்தது. கடைசிக் குழியில் எதிர் ஜோடி மொத்தம் தொண்ணூற்றேழில் முடித்துவிட்டது. டாக்டரும் முடித்துவிட்டார். எங்கள் கணக்கு அதுவரை தொண்ணூற்று நான்கு. என் பந்து மட்டும் பாக்கி. இருபத்திரண்டு தப்படி, புல் இல்லாத செம்மண் தரை. இரண்டில் முடித்தால் வெற்றி. மூன்று என்றால் சமன். நான்கு என்றால் ரேஞ்சர்.

டாக்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையைச் சுமந்தவர் துரு மட்டையை என் கையில் கொடுத்து மெதுவாகச் சொன்னார்: "அம்பதுல பதினெட்டுத்தான் கெட்டதுங்க. இது மிச்சத்துல ஒண்ணுன்னு நெனச்சு அடிங்க."

எனக்கோ அந்தப் பதினெட்டும் வரிசையாகக் கண்முன் நின்றன. அடித்தேன். அழகான அடி என்று சொல்லமாட்டேன். பந்து முழங்கால் உயரத்துக்கு எழுந்து, புல்லில் விழுந்து, உருண்டு, குழியைத் தாண்டி ஒன்றரைத் தப்படியில் நின்றது. தள்ளும் மட்டையை வாங்கிக்கொண்டு அந்த ஒன்றரைத் தப்படியை இரண்டு பக்கமிருந்தும் நான்கு முறை பார்த்தேன்.

"சீக்கிரமுங்க, பனி வந்துரும்" என்றார் மேனேஜர். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

தள்ளினேன். விளிம்பில் அரை வட்டம் சுற்றி, யோசித்து, விழுந்தது.

டாக்டர் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. கையைக் குலுக்கிவிட்டு, "நான் மூணுன்னு நெனச்சேனுங்க" என்றார். ரேஞ்சர் வந்து மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எனக்கு வேணாம்னு நாந்தான் பீப்பாய்ல போட்டது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அடுத்த ஞாயிறு ஐந்தேமுக்காலுக்கே போய் நின்றேன். ஆறு, ஆறேகால், ஒருவரும் வரவில்லை. நேரத்தை மாற்றிவிட்டு எனக்குச் சொல்லாமல் விட்டார்களோ என்று பதினோரு காரணங்கள் யோசித்துவிட்டேன். ஆறு இருபத்தெட்டுக்கு டாக்டரின் ஜீப் வந்தது. டாக்டர், மேனேஜர், மர வியாபாரி, மூன்று பேரும் இறங்கினார்கள்.

"என்னங்க, நிக்கறீங்க? மொத அடி நீங்கதான். ஜெயிச்சவங்கதானே தொடங்கோணும்" என்றார் டாக்டர்.