குட்டிக்கு ஊதிய மூச்சு

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டி மூச்சில்லாமல் விழுந்தால் கன்னியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கன்னியம்மா என் மனைவி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் பெருக்குகிற வேலை. அது முடிந்தால் ஆடுகள்தான். குட்டியின் மூக்கை விரலால் வழித்துவிட்டு, அதன் வாயில் வாய் வைத்து ஊதுவாள். குட்டி இருமும். இவள் முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு டீ கேட்பாள்.

2006-ல் மழை விட்டதும் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் இருக்காது. வெயில் சாய்ந்தால் அலை மாதிரி ஏறும். ஆலைப் புகை கூரை வழியாக இறங்கி ஆடு ஆடாக நடக்கிறது என்பாள், பாதிக் கண் மூடி. சும்மா சொல்லக்கூடாது, சில சாயங்காலம் எனக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது. அப்புறம் வேர்த்துப் பாய் நனையும். புகையும் கலைந்துவிடும்.

மூன்றாம் மாதம் முதுகு பிடித்து, எழுந்து நிற்க முடியவில்லை. டிபி என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் கொஞ்சம் அடங்கி மறுபடி ஏறியது. இனி நடப்பாளா என்ற நினைப்பை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, கீழ்முதுகில் இரண்டு எலும்பு அரித்திருப்பதைப் படத்தில் காட்டினார். பிறகு வீட்டில் ஆடு உண்டா என்று கேட்டார். எலும்பை விட்டு ஆட்டைக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல். கன்னியம்மா ஊதுகிற கதையைப் பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். இது ஆட்டிலிருந்து வந்த நோயாக இருக்கும் என்றார்; ரத்தச் சோதனையிலும் அதுதான் வந்தது. ஆடு ஈனும்போது வருகிற நீரில் இருக்கிற கிருமி வாய் வழியே போய் எலும்பில் தங்கியிருக்கிறது. காய்ச்சாத பாலிலும் வருமாம். மாதக்கணக்கில் ஊசி, மாத்திரை. இனி ஊதவே கூடாது என்றார்.

ஊசி ஆரம்பித்த ஐந்தாம் மாதம் நடந்தாள்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு மணியம்மாள் வந்தாள். அவள் ஆடு போட்ட இரண்டில் ஒன்று அசையவில்லை.

"போவாதமே," என்றேன். "மறுபடி படுத்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"ஊதலய்யா. கூட இருந்து சொல்றேன், அவ்ளோதான்."

மணியம்மாளைக் கையில் பிளாஸ்டிக் பை மாட்டச் சொன்னாள். தள்ளி உட்கார்ந்து, தேய் என்றாள், வைக்கோலால் மூக்கைக் குடை என்றாள். மணியம்மாள் எல்லாம் செய்தாள். கன்னியம்மாவின் உதடு தானாகக் குவிவதைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குட்டி எழவில்லை.

அவளைத் தூக்கிவிடக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே எழுந்தாள்.