சனிக்கிழமைப் பாவங்கள்

ஐந்து பிள்ளை பெற்றவளை ஒருவரும் கூப்பிடாத இடம் எங்கள் ஊரில் ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் கோயிலில், பங்குச் சாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருக்கும் பெண்களின் வரிசை.

வெள்ளைக்காரன் சண்டையைக் காட்டி அரிசியைக் கூப்பனுக்கு அளந்த காலம். மாம்புரிக்கு அங்கால் எங்கள் கரையில் மீன் வெட்டி, உப்பிட்டு, கருவாடு காயவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி முடித்தால் என் தலைக்கு எண்ணெய் வைக்க நேரமிராது. சனிக்கிழமை மட்டும் குளித்து, தலைவாரி, முக்காடு போட்டுக்கொண்டு போவேன். என் முறை வந்தால், "நீங்க போங்க அக்கா" என்று பின்னால் வந்தவளை முன்னால் விடுவேன். எல்லோரும் அதைத் தாழ்ச்சி என்று நினைத்தார்கள். நான் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, அரை நித்திரையில் இருந்தேன்.

எங்களோடு இருந்த என் புருசனின் அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்ப்பது அவள்தான். "இவ்வளவு நேரம் சொல்ல இவளுக்கு என்ன பாவம் இருக்கு?" என்று கிணற்றடியில் கேட்டிருக்கிறாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கதை புருசன் காதுக்கும் வந்தது. "இனிப் பெருநாளுக்கு மட்டும் போனாக் காணும்" என்றார். எனக்கென்று இருந்த ஒரே பின்னேரமும் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை கோயில் மணி அடித்தபோது கரையிலிருந்த வாடிக் கொட்டிலில் நானும் அவளும் மீன் வெட்டிக்கொண்டிருந்தோம். புருசன் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் கத்தியை நிறுத்தவில்லை.

"மச்சாள், எனக்கு என்ன பாவம் எண்டு கேட்டீங்களாமே?"

அவள் குனிந்து மீன் செதிலைச் சுரண்டினாள்.

"உங்கள வெட்டிப்போடணும் எண்டு கிழமை முழுக்க நினைப்பு வருது. சனிக்கிழமை போய்ச் சொல்லிட்டு வந்தாத்தான் கொஞ்சம் அடங்கும். இண்டைக்குப் போகல்ல. இனி என்ன நடக்குமோ தெரியாது."

ஒரு பாரை மீனின் தலையைத் துண்டாக்கினேன்.

அவள் எழும்பி என் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கினாள். "போ பிள்ளை, நேரமாகுது. பிள்ளைகள நான் பாக்கிறன்." புருசன் வலையிலிருந்து தலை நிமிரவில்லை. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவளைப் பயமுறுத்தியதைச் சாமியிடம் சொன்னேன். செய்த பாவத்துக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்டார். "இல்லை சாமி" என்றேன். மனஸ்தாபம் வரும்வரை சனிக்கிழமை தவறாமல் வரவேண்டும் என்று கட்டளையிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டளையை இரண்டு பேருக்கும் கேட்கச் சத்தமாய்ச் சொன்னேன். மனஸ்தாபம் எனக்கு இன்றுவரை வரவில்லை.