வக்கீலம்மா கொடுத்த பை

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. ஜிப் வைத்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியும். பொன்னேரி வக்கீலம்மா கொடுத்தது. "உன் காயிதத்துல மீன் வாடை அடிக்குது. இனிமே இதுல போட்டு எடுத்துனு வா" என்றார். அன்றிலிருந்து அதில் காகிதம் இல்லாத நாள் கிடையாது. இப்போது பதினெட்டு நாளாகக் காலியாக இருக்கிறது. தொழிலுக்குப் போகும்போது பார்க்கிறேன். வந்ததும் பார்க்கிறேன். காலிப் பையில் பார்க்க ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரி கடலுக்கு அந்தப் பக்கம், மன்னார்க்காரி. இங்கே வாழ்க்கைப்பட்ட சித்தியைப் பார்க்க, பாஸ்போர்ட் விசா எல்லாம் வைத்துக்கொண்டு முறையாக வந்தவள். வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் தாலி கட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. கல்யாணத்தைப் பதிய வேண்டும், விசாவை நீட்ட வேண்டும், நீட்டியது தீர்வதற்குள் மறுபடி ஓட வேண்டும். இடையில் ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில், அவள் அப்பா செத்தபோதுகூடப் போகவில்லை. போனில் அழுகையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அம்மாவும் படுக்கையில் விழுந்தார். பதிவு செய்து இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருந்தால், ஆயுசுக்கும் தங்கவும் வந்து போகவும் ஓர் அட்டை வாங்கலாம் என்று வக்கீலம்மாதான் சொன்னார். அம்மா கண்ணை மூடுவதற்குள் அந்த அட்டை வர வேண்டும். அவ்வளவுதான் எங்கள் கேஸ்.

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் அவர் அறை. என் வயதுதான் இருக்கும். நான் ஐந்தாவதோடு நின்றவன் என்பதால் ஒவ்வொரு தாளையும் சத்தமாகப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவார். நான் தலையை ஆட்டினால் பிடிக்காது. "மண்டைய ஆட்டாதே. புரிஞ்சிச்சா இல்லியா? மீனுகூட வாயத் தொறக்குது, உனக்கு இன்னா?" என்பார். நண்டு கொண்டுபோனால் வாங்க மாட்டார். கேஸ் முடியட்டும் என்பார். கல்யாணப் போட்டோ கேட்டார். போனில் இருந்தது, போன் ஏரியில் விழுந்துவிட்டது என்றேன். "அப்போ ஏரிய சாட்சிக்குக் கூப்புடலாமா?" என்றார்.

அது என் மனதில் கிடந்தது. ஏரிதானே எனக்குச் சாட்சி என்று தோன்றியது. ஏரியில் இறால் வலை கட்டும் இடத்தைப் பாடு என்போம். எந்தப் பாடு எந்த நாள் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போடும். கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் சீட்டில் பேர். ஊர் நோட்டில் என் பேர் இருக்கிறதே, அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்தேன். வக்கீலம்மாவிடம் காட்டவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நானே எடுத்து நீட்டினேன்.

அவர் வருஷத்தைப் பார்த்தார். "கல்யாணம் ஆனவனுக்குத்தான் இதுல பேருன்ற. இவங்கள கட்டுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே உன் பேரு இருக்குது. அப்போ மொதல் பொண்டாட்டி யாரு?"

என் வீட்டுக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"ஒருத்தி இருந்தவளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பிறகேன் பேசாமல் நிண்டனீங்கள்?"

மறுநாள் வக்கீலம்மாவிடம் சொன்னேன். நைனா செத்த வருஷம் வீட்டில் சீட்டு இல்லாமல் போயிற்று. பொண்ணு பார்த்துவிட்டோம், ஐப்பசியில் கல்யாணம் என்று ஊரில் சொல்லிப் பேரை எழுத வைத்தேன். பொண்ணு என்று யாரும் இல்லை. ஐப்பசி போயிற்று. பாவம் பார்த்து யாரும் பேரை அடிக்கவில்லை. நோட்டில் வருஷத்தை மாற்றி எழுதி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

"அந்தக் காயிதத்த நான் தொடமாட்டேன். வேற ஆள பாத்துக்கோ. மொதல் பொண்டாட்டி இருந்தா இந்தக் கல்யாணமே செல்லாது, தெரியுமா? அப்புறம் அந்தப் பொண்ணு எந்தக் கரையில நிக்கும்? ஊர்ல போய் நடந்தத நடந்தபடி சொல்லு. ஊரு அத்தயே எழுதிக் குடுக்கட்டும்."

ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். என் பங்காளி எழுந்தான். "பொண்ணு அமையாம மூணு வருஷம் நான் கரையில குந்திக்கினு இருந்தேன். இவன் காத்துக்குத் தாலி கட்டிக்கினு சீட்டு வாங்கினானா?" சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆகாதவனுக்குப் பாடு குடுத்தோம்னு நாங்களே எழுதிக் குடுத்தா, ஏரியப் பங்கு போடுற மத்த ஊருக்காரன் நாளைக்கி இன்னா கேப்பான்?" என்றார். எடுத்ததைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஒரு வருஷம் என் சீட்டை ஊருக்கு விட்டுவிடுகிறேன், அதையும் சேர்த்தே எழுதுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார்கள். என் பங்காளியும் கையெழுத்துப் போட்டான்.

அந்த ஒரு வருஷம் அடுத்தவர் படகில் கூலியாகக் கடலுக்குப் போனேன். மறு விசாரணை வந்தது. போன் அடித்தால் அட்டையா, மன்னாரா என்று தெரியாமல் இரண்டு பேரும் எடுக்கப் பயந்தோம். அட்டைதான் முதலில் வந்தது. அன்றைக்கு வக்கீலம்மா நண்டு வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரியிடம் மன்னார்ப் பக்கம் எப்படிக் குழம்பு வைப்பீர்கள் என்று விசாரித்தார். அவள் கீழே இறங்கியதும் நான் கேட்டேன், போனால் திரும்பி வருவாளா என்று.

"திரும்பி வர்றதுக்கு வழி பண்ணிக் குடுத்துட்டேன். வருவாளான்னு சட்டத்துல எழுதலப்பா. அத்த நீ அவளத்தான் கேக்கணும்" என்றார்.

நான் கேட்கவில்லை. விமான நிலைய வாசலில் பையிலிருந்த காகிதத்தை எல்லாம் எடுத்து அவளிடம் கொடுத்தபோதும் கேட்கவில்லை. வக்கீலம்மா இப்போது பொன்னேரியில் இல்லை. குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார். அந்த அறையில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து இன்றுதான் என் சீட்டுக்குப் பாடு வந்தது. இறால் நன்றாக விழுந்தது. கரையில் நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்தேன். பை காலியாகவே இருந்தது. போன் வந்தது.

"அம்மா இண்டைக்குக் கஞ்சி குடிச்சவ" என்றாள். சரி என்றேன். மண்டையை ஆட்டினால் போனில் தெரியாது.

"எப்போ வருவே?" என்றேன்.

"டிக்கெட் போட்டு அஞ்சு நாளாச்சு. வாற வெள்ளிக்கிழமை. நீங்கள் கேக்கட்டும் எண்டு இருந்தனான்."

பையை ஆணியிலிருந்து எடுத்தேன். ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்து மறுபடி மாட்டினேன். ஜிப்பை மட்டும் மூடவில்லை.