துப்பாமல் இருந்த டீமேக்கர்

பதுளையில் எங்கள் பல் சிகிச்சை நிலையத்துக்கு வந்த அந்த டீமேக்கர், நான் கொடுத்த தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, மேல்வரிசையில் ஓர் உடைந்த பல். ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டத் தொழிற்சாலையில் தேநீரைச் சர்ரென்று உறிஞ்சித் துப்பி ருசி பார்த்து, அதற்கேற்பத் தூள் பதப்படுத்துவது அவர் வேலை.

கழற்றி மாட்டும் பல்செட் அண்ணத்தை மூடினால் ருசி தெரியாது, தாடையில் திருகும் பல்தான் வேண்டும் என்றார். அதற்கு எலும்பு சுருங்காமல் இருக்க வேண்டும். பல்லைப் பிடுங்கி, குழியில் எலும்புத் துகள்களை நிரப்பித் தைத்தேன். துகள்கள் வெளியே வராதிருக்கப் பட்டியலும் கொடுத்தேன்: உறிஞ்சக் கூடாது, துப்பக் கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது.

"இந்த மூணும்தாங்க மிஸ் என் வேலையே" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தபோது புண் அழகாக மூடியிருந்தது.

"எப்படிங்க ருசி பார்த்தீங்க?"

"நான் எங்க பார்த்தேன்? தூள் சலிக்கிற அக்காவக் குடிக்கச் சொல்லி, அவங்க மூஞ்சியப் பார்த்தேன். சுளிச்சாங்கன்னா காயவைக்கிற சூட்டைக் குறைச்சேன்."

நான்கு மாதத்தில் எலும்பு உறுதியாக நின்றிருந்தது. திருகைப் பதித்து, அது பிடித்த பின் பல்லைப் பொருத்தினேன்.

"இனி பயமில்லாமல் உறிஞ்சலாம்" என்றேன்.

"உறிஞ்சுவேன் மிஸ். ஆனா அந்த ரெண்டு வாரத் தூளுக்குத்தான் கொழும்பு ஏலத்துல நல்ல பேருன்னு எங்க தோட்டத்துத் துரை சொன்னாரு."

அதைப் பெருமையாகவே சொன்னார். அந்த அக்காவிடமும் சொன்னாரா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.