நடுக்கடலில் நிற்கும் லோஞ்ச்

மூதூருக்குக் கடல்வழியாக ஆளேற்றிப்போகும் லோஞ்சில், கரை சேரும்போது கட்டுவதற்குக் கயிறு எறிபவர் அவர். மெலிந்த உடம்பு, கயிறு அறுத்துத் தழும்பேறிய கைகள். கரையில் கட்டி முடித்ததும், ஈரமில்லாவிட்டாலும், உள்ளங்கைகளை இடுப்பில் உடுத்த சாரத்தில் துடைப்பார். நான் தினமும் அந்த லோஞ்சில்தான் படிப்பிக்கப் போய்வந்தேன்.

ஒருநாள் பயணிகள் சுவீப் டிக்கட்டில் லட்ச ரூபாய் பரிசு விழுந்தால் என்ன செய்வதென்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கல்வீடு என்றார் ஒருவர். மகளுக்கு நகை என்றார் இன்னொருவர்.

“நீங்கள் என்ன செய்வியள், அண்ணை?” என்று அவரைக் கேட்டேன்.

“இந்த லோஞ்சை வாங்குவன், மாஸ்டர்.”

“வாங்கி?”

“நடுக்கடல்ல நிப்பாட்டிப்போட்டு இருப்பன்.”

“ஏன்?”

“அங்க கயிறு எறியக் கரை இல்லைத்தானே.”

லோஞ்ச் இறங்குதுறையில் முட்டியது. அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

அதன்பிறகு நடுக்கடல் வரும்போதெல்லாம் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். அது ஒருநாளும் நிற்கவில்லை.