மருத்துவ நேர்முகத்துக்கு முதல் நாள், பொத்துவிலுக்கு

கடந்த ஆனி மாதம் அம்பாறைக் கரையோர வீதியில் இரண்டு நாட்கள் மேலும் கீழுமாகப் பயணம் செய்தேன். சுற்றுலா அல்ல. நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்காவின் மகள் ஹஸ்னாவுக்கு வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியொன்றின் புலமைப்பரிசில் இடத்துக்காக மட்டக்களப்பில் வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை. உயர்தரம் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் இங்குள்ள மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டவள். இதுதான் கடைசி வழி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது; யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளையை இப்படியொரு நேர்முகத்துக்குக் கூட்டிப் போகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் கண்டியில் வசிக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை 6.15க்கு அங்கே பஸ் ஏறினால் மஹியங்கனை, அம்பாறை வழியாகக் கல்முனைக்கு வர மதியம் ஒன்றரை ஆகும். அங்கிருந்து ராத்தா வீடு இருக்கும் சாய்ந்தமருதுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

ராத்தா வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். அந்தக் கரையில் பல வீடுகளில் தொங்கும். காணி உறுதி, அடையாள அட்டைகள், சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள். கடல் வருகிறதென்றால் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. ராத்தாவின் கணவர், என் மச்சான், மீன்பிடித் தொழில் செய்பவர், இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். வீட்டுக்குள் வரும் எந்த முக்கியமான தாளையும் அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடுவார். “வாப்பா எங்களையும் லேமினேட் பண்ணியிருப்பாரு சாச்சி, மூச்சு முட்டுமெண்டுதான் விட்டவரு” என்று ஹஸ்னா சிரித்தாள்.

நேர்முகத்துக்கான கடிதத்தை நான் கேட்டு வாங்கி வாசித்தேன். எதையும் இன்னொருவர் வாசித்ததை நம்பி விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: மூலப் பத்திரங்களின் பின்புறத்தில் முத்திரை குத்தப்படும், லேமினேட் செய்தவை ஏற்கப்படமாட்டா. அந்த வரியை அந்த வீட்டில் எல்லோரும் வாசித்திருந்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிளாஸ்டிக்குள் இருந்தால்தான் அது பத்திரம் என்று பழகிய வீடு அது.

பரீட்சைச் சான்றிதழ்கள் தப்பியிருந்தன. பாடசாலையில் உறுதிப்படுத்தக் கொடுத்து அன்று காலைதான் திரும்பியிருந்தன. மறுநாள் கடைக்குப் போக இருந்தன. பிறப்புச் சான்றிதழ் மட்டும் பத்தொன்பது வருடமாகப் பிளாஸ்டிக்குள் கிடந்தது. அதுவும் ஓரம் பிரிந்து உப்புக்காற்று புகுந்து, பதிவு எண்ணும் பதிவுத் திகதியும் இருந்த இடம் நீலக் கறையாகிவிட்டிருந்தது. எண் இல்லாமல் கணினியில் தேடுவது கஷ்டம், பதிந்த இடத்துக்கே போய்விடுங்கள் என்று தெரிந்த ஒருவர் தொலைபேசியில் சொன்னார். பதிந்த இடம் பொத்துவில். கையில் இருந்தது புதன்கிழமை ஒரு நாள்.

பொத்துவில் என்றதும் ராத்தா எழுந்து குசினிக்குள் போய்விட்டா. சுனாமியில் கடல் வந்தபோது அவர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள். ஹஸ்னா அப்போது வயிற்றில். மூத்தவன் றிஸ்வானுக்கு ஐந்து வயது. அவன் கிடைக்கவேயில்லை. ஹஸ்னா பிறந்து ஒரு வருடத்தில் சாய்ந்தமருதுக்கு வந்துவிட்டார்கள். அதன் பிறகு மச்சான் அந்தப் பக்கம் போனதில்லை. அன்று மட்டும், “நானும் வாறன் மச்சி” என்றார்.

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குக் கிட்டத்தட்ட 68 கிலோமீற்றர். காலை 6.10 பஸ்ஸில் ஆளுக்கு 260 ரூபா. நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஊர் முடியும் முன்னே அடுத்த ஊர் தொடங்கிவிடும். அக்கரைப்பற்றில் பத்து நிமிடம் நிற்கும். தேநீர் குடிப்பதென்றால் அங்கேயே குடித்துவிடுங்கள். மடியில் கோப்போடு இருந்த ஹஸ்னாவிடம் நடத்துநர் விசாரித்தார். டொக்டர் படிப்புக்கு என்று தெரிந்ததும் இடுப்பைத் தடவிக்கொண்டு, “அப்ப என்ட நாரி நோவுக்கு இப்பவே ஒரு மருந்து சொல்லுங்களன்” என்றார்.

“மிதிபலகையில தொங்குறத விடுங்க காக்கா, பாதி சுகமாகும்.”

முன் இருக்கைகளில் சிரிப்பு. மச்சான் சிரிக்கவில்லை.

திருக்கோவில் கழிந்ததும் வீடுகள் குறையத் தொடங்கும். கோமாரியைத் தாண்டும்போது நான் கையிலிருந்த தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு, இரண்டுக்கும் நடுவே இந்த ஒரு வீதி. காலை வெயிலில் இரண்டு நீரும் ஒரே வெள்ளியாகக் கிடந்தன. களப்பின் தூரக்கரையில் மூன்று யானைகள் அசையாமல் நின்றன. பார்த்துப் பழகிய முகங்களோடு பஸ் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் மூச்சை இழுத்துவிட வேண்டியிருந்தது. இத்தனை அழகான நீர்தான் அன்று எழுந்து வந்தது என்பதை என் புத்தியால் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. நாள்தோறும் கடலில் நிற்கிற மச்சான், முகத்தைக் களப்புப் பக்கமே வைத்திருந்தார்.

8.35க்குப் பொத்துவில். அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். எண் தெரியாவிட்டால் தேடுவதற்குக் கட்டணம் சற்றுக் கூட. பதிவுப் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். பிறந்த திகதியைப் பார்த்துப் புத்தகத்தை எடுத்து, அந்த மாதத்தைத் தேடினா. இல்லை. அடுத்த மாதம். இல்லை. அதற்கடுத்த மாதமும் பார்த்தா.

“இதில இல்லையே தங்கச்சி. இஞ்சதான் பதிஞ்சதா?”

ஹஸ்னா தகப்பனைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பகலுணவுக்கு மூடினால் பிறகு இரண்டு மணித்தியாலம்தான் மிச்சம். வேறு ஊர்ப் புத்தகமாக இருக்குமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் மேசைக்கு அருகே வந்தார்.

“மகள், காணாமப் போன ஆக்கள்ற புத்தகமெண்டு ஒண்டு இரிக்கிம். அதுல என்ட மகன்ட பேரப் பாருங்க. அவன எந்தத் திகதியில பதிஞ்சிரிக்கோ, அண்டைக்குத்தான் இவளையும் பதிஞ்ச நான்.”

அந்தப் பெண் அவரை ஒரு கணம் பார்த்தா. பிறகு உள்ளே போய் இன்னொரு புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்தா. முன்பக்கத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தது. விரலை மேலிருந்து கீழே ஓட்டினா. அந்தப் பட்டியல் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டேயிருந்தது. எனக்கு அந்த ஊரில் நாலு பேரைத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

றிஸ்வானின் மரணத்தைப் பதிந்த வரி கிடைத்தது. அதன் கடைசியில் மச்சானின் கையெழுத்து. திகதி, ஹஸ்னா பிறந்து ஏழு மாதத்துக்குப் பிறகு. பிந்திப் பதிந்த பிறப்புகளுக்கென்று இருந்த புத்தகத்தில் அதே திகதியைத் திறந்ததும் ஹஸ்னா கிடைத்துவிட்டாள். அதே கையெழுத்து. இரண்டு புத்தகமும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடந்தன.

ஏன் அவ்வளவு பிந்தியது என்று ஹஸ்னாதான் கேட்டாள். இருபது வயதில் அவளும் அதை அப்போதுதான் முதல் தடவை அறிகிறாள்.

“அவன் மவுத்தெண்டு எழுதக் கை வரல்ல மகள். அவன எழுதாம உன்ன மட்டும் எழுதவும் மனம் வரல்ல. உங்கட உம்மா அழுது சொன்ன பிறகுதான் வந்து ரெண்டையும் ஒண்டா எழுதின.”

முப்பது வருடமாக அந்த மனிதரை எனக்குத் தெரியும். அதிகம் படிக்காதவர், பிளாஸ்டிக் பைத்தியம் என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அன்று அந்த மேசைக்கு முன்னால் அதை அழித்துவிட்டேன்.

12.10க்குப் பிரதி கையில் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் தகப்பனும் மகளும் ஒரே இருக்கையில் இருந்தார்கள். கோமாரிவரை கதைத்துக்கொண்டே வந்தார்கள். நான் பின்னால் இருந்தேன், காது கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை 6.30க்குக் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு. 40 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். பெரியநீலாவணையைத் தாண்டியதும் நெரிசல் குறைந்துவிடும். நேர்முகம் ஒரு விடுதி மண்டபத்தில். ஹஸ்னாவை 9.40க்குக் கூப்பிட்டார்கள். கூட வந்தவர்களுக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். மச்சான் உட்காரவில்லை.

அவள் 10.10க்கு வெளியே வந்தாள். உயிரியலில் சிறுநீரகத்தைப் பற்றித்தான் கூடக் கேட்டார்களாம். அதற்கு முன்னால், முத்திரை குத்துவதற்கு எடுத்த பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், ஏழு மாதம் பிந்திப் பதிந்திருக்கிறதே, வயது சரிதானா என்று கேட்டிருக்கிறார்.

“என்ன சொன்னாய்?”

“வாப்பா சொன்னதத்தான் சொன்ன, சாச்சி. இங்கிலீஷில மவுத்தெண்டு எழுதக் கை வரல்ல எண்டதுக்குச் சொல்லு வரல்ல. அவரால அதுல கையெழுத்து வெக்க ஏலாமப் போச்சு எண்டு சொன்ன. அவர் தலையாட்டிப்போட்டு முத்திரையக் குத்தினாரு.”

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

இனி, கொண்டுபோக வேண்டியவை. கடிதத்தைக் கடைசி வரிவரை இரண்டு பேர் தனித்தனியாக வாசியுங்கள். மூலப் பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள். ஈரத்துக்குப் பயமென்றால் மூடி திறக்கக்கூடிய உறை போதும். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி ஒன்றை ஒரு மாதத்துக்கு முன்பே எடுத்து, பதிவு எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நிழற்பிரதி, கடவுச்சீட்டு அளவுப் படம் ஆறு, நீலப் பேனை, தண்ணீர். முதல் நாள் மாலை பிள்ளையும் பெற்றோரும் கூடியிருந்து, சான்றிதழ்களில் உள்ள ஒவ்வொரு திகதிக்கும் பெயருக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று கதைத்து வையுங்கள். உயிரியலை அவர்கள் எப்படியும் படித்திருப்பார்கள். இதை வீட்டில் சொல்லாவிட்டால் வேறெங்கும் படிக்க முடியாது.

ஹஸ்னா ஆவணியில் புறப்படுகிறாள். போன வாரம் தகப்பனும் மகளும் மறுபடியும் பொத்துவிலுக்குப் போய், றிஸ்வானின் பதிவில் ஒரு பிரதி எடுத்து வந்திருக்கிறார்கள். கல்லூரி அனுப்பிய பட்டியலில் அப்படியொன்று இல்லையே, எதற்கு என்று தொலைபேசியில் கேட்டேன்.

“கொண்டு போறதுக்கு சாச்சி” என்றாள்.