வாய்க்கால் பக்கம் வைத்த வாசல்

நான் வேலை செய்யும் கட்டடத்தின் முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிறது. ஆள் கிட்டே போனால் தானாகத் திறந்துகொள்ளும். ஏழு வருடமாக இந்த வளைகுடா நாட்டில் ஒரு கட்டுமான கம்பெனியின் ஒப்பந்தக் காகிதங்களை டைப் அடித்து அடுக்கி வைக்கிறேன். அந்தக் கதவு எனக்காகத் திறந்ததில்லை. தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வரும் பஸ் எங்களைப் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளை ஒட்டிய இரும்பு கேட்டில் இறக்கிவிடும். முன்பக்கம் போகக் கூடாது என்று எந்தப் பலகையும் இல்லை. வந்த புதிதில் ஒருநாள் தெரியாமல் போய்விட்டேன். காவலாளி வாயே திறக்காமல் விரலை மட்டும் பின்பக்கம் நீட்டினான். கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரனுக்கு அந்த விரல் ஒன்றும் புதிதில்லை.

ஊரில் எங்கள் மனை மூலை மனை. கிழக்கே மிராசுதாரர் வீடு இருக்கும் பெரிய தெரு, மேற்கே வாய்க்கால் கரை. அப்பா அவரிடம்தான் பண்ணையாளாக இருந்தார். குடிசை நின்ற மண் அவருடையது என்பதால், கூலி உயர்த்திக் கேட்ட வருடம் ஆள் வைத்துக் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். எங்கள் போக்குவரத்து எல்லாம் வாய்க்கால் கரையோடு சரி. தெருப்பக்கம் ஒரு படல் வைக்கக்கூட விட்டதில்லை. பிறகு ஆட்சி மாறியது, குடியிருக்கிறவனுக்கே மனை என்று சட்டம் வந்தது. கொடி பிடித்து, அடிபட்டு, அப்பா பட்டா வாங்கினார். பட்டா வாங்கியும் தெருப்பக்க வேலியைத் திறக்காமலே செத்துப்போனார். அதனால் வீடு கட்ட நினைத்தபோது நான் முதலில் முடிவு செய்தது வாசலைத்தான். கிழக்கே, தெருவைப் பார்த்து.

காண்ட்ராக்டர் செல்வராசு பக்கத்து ஊர், எங்கள் ஆட்களில் ஒருவர். காரில் கட்சிக் கொடி. மேடையில் சமத்துவம் பேசினால் மைக் சூடாகிவிடும். ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் எழுதி, வரைபடத்தில் வாசலைச் சிவப்பு மையால் காட்டி, இரண்டு வருடம் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். மூன்று மாதத்தில் "வாசல் நிலை வெச்சாச்சு" என்று அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. கேம்ப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். அடுத்த வாரம் போட்டோ வந்தது. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நிலை ஜோராக நின்றது. அதற்குப் பின்னால் தெரு தெரியவில்லை. வாய்க்கால் தெரிந்தது.

லீவு போட்டு ஓடினேன். முதல் கோபம் அம்மா மேல்தான். "பக்கத்துல நின்னுக்கிட்டு இதப் பாத்துக்கிட்டா இருந்த?" என்று கத்தினேன்.

"ஒங்கிட்ட பேசிட்டேன்னு அவன் சொன்னாம்ப்பா," என்றாள்.

செல்வராசு எனக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். "தம்பி, தெருவுல வாசல் வெச்சா தெருக்காரங்க மணல் வண்டிய உள்ள விடமாட்டாங்க. காத்து நல்லா வரும், வாய்க்கால் பக்கமே இருக்கட்டும்."

"அப்ப ஒப்பந்தம் எதுக்குண்ணே? அட்வான்ஸத் திருப்பிக் குடுங்க. வேற ஆள வெச்சுக் கட்டிக்கிறேன்."

"அட்வான்ஸத் திருப்பற பழக்கம் நம்மகிட்ட இல்ல தம்பி."

மிராசுதாரர் மகன் கட்டும் கல்யாண மண்டபத்தின் காண்ட்ராக்டும் அவருடையதுதான் என்பதை டீக்கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த வீட்டார் வாசலை மாற்றச் சொன்னார்களா என்று விசாரித்தேன். அப்படி அங்கே ஒருவரும் சொல்லவே இல்லையாம். இவராகவே, அவர்கள் முகம் கோணுமோ என்று பயந்து, என் வீட்டைத் திருப்பி வைத்திருக்கிறார். விரல் நீட்ட ஆள்கூட வேண்டாம் இவருக்கு.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். வேலை நடந்திருக்கிறது, திருப்ப எதுவுமில்லை என்று பதில் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம் என்றார்கள். கட்சி ஆபீசில் தலைவர் வெளியூர் போயிருந்தார், நான் போன மூன்று முறையும். லீவு கரைந்துகொண்டிருந்தது. இந்தப் பணம் போனால் இன்னும் இரண்டு வருடம் அந்தப் பின் கேட்.

மண்டபத்துக்குத் தளம் போடும் நாளன்று காலையில் அம்மா தன் நடவுக்கூட்டத்துப் பெண்கள் எட்டுப் பேரோடு கிளம்பினாள். நான் ஒப்பந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கலவை மெஷின் ஓட ஆரம்பிக்கும் நேரம். ஒன்பது பேரும் போய் ஜல்லிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. இவர்கள் எழுந்திருக்காமல் ஆரம்பிக்கவும் முடியாது. சித்தாள் பெண்கள் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சட்டியைக் கீழே வைத்தாள்.

செல்வராசு ஓடி வந்தார். "பொம்பளைங்கள வெச்சு மெரட்டுறியா தம்பி?" என்றார் என்னிடம்.

அம்மா பதில் சொன்னாள். "மெரட்டல செல்வராசு. கூலி அளக்குற வரைக்கும் களத்த விட்டு எந்திரிக்க மாட்டோம். எங்க வழக்கம் ஒனக்குத் தெரியாதா? கூலி ஒசத்திக் கேட்ட அன்னிக்கு ஒன்ன மடியில போட்டுக்கிட்டு ஒங்கம்மாவும் எங்ககூட ஒக்காந்தவதான்."

மிராசுதாரர் மகன் வெள்ளைச் சட்டையில் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். நியாயம் பேச வரவில்லை. வெயில் ஏறுவதுதான் அவர் கவலை. "குடுத்து அனுப்புய்யா, வேல நிக்குது," என்றார். உச்சி வெயிலுக்குள் பணம் வந்தது. அதில் அஸ்திவாரச் செலவைக் கழித்துக்கொள்ளச் சொன்னது அம்மாதான். "செஞ்ச வேலைக்குக் கூலி புடிக்கக் கூடாது," என்றாள். இவ்வளவுக்கும் என் ஃபைலை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதிலும் எனக்குக் கோபம்தான்.

வேலைக்குத் திரும்பி வந்ததும் எங்கள் மேலாளர், இந்த நாட்டுக்காரர், நல்ல மனிதர், வீடு முடிந்ததா என்று கேட்டார். இல்லை, வாசல் தப்பான பக்கம் வைத்துவிட்டார்கள், ஒப்பந்தத்தை முறித்துவிட்டேன் என்றேன். "உங்கள் மதத்தில் திசை அவ்வளவு முக்கியமா?" என்றார் மரியாதையோடு. கொஞ்சம் யோசித்துவிட்டு ஆமாம் என்றேன். தோளைத் தட்டிவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவு அவருக்குத் திறந்தது.

நான் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, லீவில் மிச்சமிருந்த மூன்று நாளில் அம்மா வேறு கொத்தனாரை வரவழைத்து, அந்த நிலையைப் பெயர்த்துத் தெருப்பக்கம் நட்டுவிட்டாள். கதவு போட்டுப் பூட்டும் மாட்டியாயிற்று. சுவர் இல்லை, கூரை இல்லை. அவள் தூங்குவது பின்னால் இருக்கும் பழைய குடிசையில். ஆனாலும் தினமும் அந்தக் கதவைத் திறந்து தெருவில் இறங்கித்தான் வயலுக்குப் போகிறாளாம், திரும்பி வந்து பூட்டுகிறாளாம். சுற்றிவர வெறும் மனைதானே, எதற்குப் பூட்டு என்று ஊர் சிரிக்கிறதாம். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என் பேன்ட் பையில், கேம்ப் அறைச் சாவியோடு கிடக்கிறது. தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பின் கேட் வழியாக வேலைக்குப் போகிறேன்.